ஜப்பானிய மொழியில் தடையில்லை, ஆங்கிலத்தில் தடை: ஏ.எஸ். நிகழ்வு ஆய்வு

தந்தை ஆஸ்திரேலியர், தாய் இங்கிலாந்துக்காரர், பிறந்த இடம் ஜப்பான், வீட்டில் பேசுவது ஆங்கிலம், பள்ளிப் படிப்பு முழுவதும் ஜப்பானிய மொழியில். உளவியல் ஆய்வேடுகள் 'ஏ.எஸ்.' என்ற இரண்டு எழுத்துகளால் மட்டும் குறிப்பிடும் சிறுவனின் பின்னணி இது. டாயெகோ வைடெல், பிரையன் பட்டர்வொர்த் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் 'காக்னிஷன்' ஆய்விதழில் இவரைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் சோதித்தபோது இவருக்குப் பதினாறு, பதினேழு வயது. மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் ஒரு ஜப்பானிய மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். ஜப்பானிய எழுத்தை வாசிப்பதில் அந்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கும் பட்டதாரிகளுக்கும் இணையாக நின்றார். ஆங்கிலத்திலோ, அதை அந்நிய மொழியாகப் படிக்கும் தம் வயது ஜப்பானிய மாணவர்களோடு ஒப்பிட்டாலும் மிகவும் பின்தங்கியிருந்தார்.

இருபத்தாறு எழுத்துகள் கொண்ட மொழியில் தப்பித்து, இரண்டாயிரம் எழுத்துகள் கொண்ட மொழியில் ஒருவர் தடுக்கி விழுந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். இங்கே நடந்தது நேர்மாறு. டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் தொடர்ந்து இருக்கும் சிரமம்) என்பது ஒருவருக்குள் இருக்கும் குறை, அவர் எந்த மொழியை வாசித்தாலும் அது கூடவே வரும் என்ற பொது எண்ணத்துக்கு இந்தச் சிறுவன் ஒத்துவரவில்லை. இந்த நிகழ்வை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஜப்பானிய மொழியை வாசிக்கும்போது ஏ.எஸ்.ஸின் குறை நீங்கிவிடவில்லை. அவரிடம் இல்லாத ஒன்றை அந்த எழுத்துமுறை கேட்கவே இல்லை. அது என்ன என்று பார்க்க வேண்டுமானால், ஜப்பானிய எழுத்து தன் வாசகரிடம் எதைக் கேட்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு வரியில் மூன்று எழுத்துகள்

ஜப்பானிய நாளிதழின் எந்த வரியை எடுத்தாலும் மூன்று எழுத்துவகைகள் கலந்திருக்கும். பெயர்ச்சொற்களும் வினையடிகளும் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த கான்ஜியில் இருக்கும். உருபுகளையும் வினைவிகுதிகளையும் ஹிரகானாவில் எழுதுவார்கள். தொலைக்காட்சி, ஹோட்டல் போன்ற பிறமொழிச் சொற்களுக்குக் கத்தகானா. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. கோடுகள் நெருங்கிய கான்ஜியும் நெளிந்து மெலிந்த ஹிரகானாவும் மாறி மாறி வருவதால், ஒரு சொல் எங்கே தொடங்குகிறது என்று கண் தானாகவே பிடித்துக்கொள்கிறது. முழுக்க ஹிரகானாவில் அச்சாகும் சிறுவர் நூல்களில் மட்டும் இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளியையும் எடுத்துவிட்டால் நன்கு வாசிக்கத் தெரிந்த பெரியவரே மெதுவாகத்தான் போவார்.

ஹிரகானாவில் 46 அடிப்படை எழுத்துகள் உண்டு, கத்தகானாவிலும் அவ்வளவே. அ, இ, உ, எ, ஒ என உயிர்கள். பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசைகள். பௌத்தத் துறவிகள் வழியாக ஜப்பானுக்குப் போன சமஸ்கிருத ஒலியியலின் தடம் இந்த அடுக்கில் இருப்பதால், நெடுங்கணக்கு படித்த தமிழருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்ற விதியும் கிட்டத்தட்ட மீறப்படுவதில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில உருபுகள்தான் விலக்கு: 'ஹ' என்று எழுதிவிட்டு 'வ' என்று வாசிக்கும் உருபு ஒன்று ஒவ்வொரு பக்கத்திலும் பலமுறை வரும், குழந்தைகள் அதைச் சீக்கிரமே பழகிக்கொள்வார்கள்.

ஆனால் நம் எழுத்துக்கும் கானாவுக்கும் (ஹிரகானா, கத்தகானா இரண்டுக்கும் பொதுப்பெயர்) ஒரு பெரிய வேறுபாடு உண்டு, ஏ.எஸ். நிகழ்வில் அது முக்கியம். தமிழில் க, கி, கு மூன்றிலும் ககரத்தின் உருவம் தெரிகிறது. கூடவே 'க்' என்று புள்ளி வைத்து மெய்யைத் தனியாகவும் எழுதிக் காட்டுகிறோம். ஹிரகானாவில் 'க', 'கி', 'கு' மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வடிவங்கள். 'க்' என்ற ஒலி தனியாக இருக்கிறது என்பதை அந்த எழுத்து குழந்தைக்குச் சொல்வதே இல்லை. ஜப்பானியக் குழந்தைகளின் ஷிரிதோரி விளையாட்டிலும் இதே அலகுதான். முதல் குழந்தை 'சகுர' என்றால் அடுத்த குழந்தை 'ர' என்று தொடங்கும் சொல்லைச் சொல்ல வேண்டும். 'ன்' என்று முடியும் சொல்லைச் சொன்னவர் தோற்றார். சொல்லை ச-கு-ர என மூன்றாக உடைத்தால் போதும். ச்-அ-க்-உ-ர்-அ என ஆறாக உடைக்கும் தேவை எழுதும்போதும் வருவதில்லை, விளையாடும்போதும் வருவதில்லை.

கான்ஜி வேறொரு உலகம். 2010-இல் வெளியான அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 கான்ஜிகள் உள்ளன. தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் மட்டும் 1,026 எழுத்துகளைக் கற்க வேண்டும். 2020 வரை இது 1,006 ஆக இருந்தது. எண்ணிக்கையைவிட ஒலிதான் தொல்லை. ஒரு கான்ஜிக்குச் சீனத்திலிருந்து வந்த ஒலியும் இருக்கும், அதே பொருளுடைய ஜப்பானியச் சொல்லின் ஒலியும் இருக்கும். வாழ்வையும் பிறப்பையும் குறிக்கும் ஓர் எழுத்து, இடத்துக்கு ஏற்ப 'செய்', 'ஷோ', 'நம', 'கி' என்றெல்லாம் ஒலிக்கும். 'இகிரு', 'உமரெரு' போன்ற வினைகளுக்கும் அதுவே தலை. 'பெரிய', 'மனிதர்' என்ற இரண்டு கான்ஜிகளை அடுத்தடுத்து எழுதினால் வளர்ந்தவர் என்று பொருள்படும் 'ஒதொன' கிடைக்கும். அந்த ஒலியில் எந்தத் துண்டும் முதல் எழுத்துக்கோ இரண்டாம் எழுத்துக்கோ உரியதல்ல. சொல் முழுவதையும் ஒரே கட்டியாகத்தான் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கேட்டதும் 'கான்ஜி வெறும் படம், பார்த்ததும் பொருள் புரிந்துவிடும், ஒலிக்கு அங்கே வேலையில்லை' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அது தவறு. வைடெல், பேட்டர்சன், ஹம்ஃப்ரீஸ் மூவரும் 1993-இல் வெளியிட்ட சோதனையில், கான்ஜியில் எழுதிய சொல் குறிப்பிட்ட வகையைச் சேர்ந்ததா இல்லையா என்று வாசகர்கள் பொருளை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வகையில் உள்ள ஒரு சொல்லைப் போலவே ஒலிக்கும் வேறொரு சொல்லைக் காட்டினால் அவர்கள் தடுமாறினார்கள். உருவமும் ஒத்திருந்தால் தடுமாற்றம் கூடியது. கண் பொருளைத் தேடிப் போகும்போதே ஒலியும் கூடவே எழுந்துவிடுகிறது. கானாவிலும் இதற்கு மறுபக்கம் உண்டு. வழக்கமாகக் கத்தகானாவில் எழுதும் சொல்லை வாசகர்கள் விரைவாகச் சொல்கிறார்கள். வழக்கமாகக் கான்ஜியில் வரும் சொல்லையே கத்தகானாவில் மாற்றி எழுதிக் கொடுத்தால் தாமதிக்கிறார்கள். பெஸ்னரும் ஹில்டிபிராண்டும் 1987-இல் இதைக் காட்டினார்கள். எழுத்தெழுத்தாக ஒலியாக்குவது மட்டுமே நடந்தால் இரண்டுக்கும் ஒரே நேரம்தான் ஆகியிருக்கும். பழகிய சொல்லுருவம் கானாவிலும் உதவுகிறது.

சோதனைகளில் தெரிந்தது

ஏ.எஸ். கான்ஜியையும் கானாவையும் தடையின்றி வாசித்தார் என்பதோடு முடிந்திருந்தால், 'ஜப்பானியப் பள்ளியில் படித்தவர், அதனால் நன்றாக வாசிக்கிறார்' என்று கடந்து போயிருக்கலாம். இந்த ஆய்வின் வலிமை ஆங்கிலச் சோதனைகளில் இருக்கிறது. அவருக்கு ஆங்கில எழுத்துகளின் பெயர்கள் தெரியும், ஒவ்வொன்றின் ஒலியும் தெரியும். நெருங்கி ஒலிக்கும் இரண்டு ஒலிகளைக் காதால் வேறுபடுத்துவதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் இயல்பான எல்லைக்குள் இருந்தார். காது சரி, எழுத்தறிவும் சரி. ஆனால் சொற்களை வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டி எழுதுவதிலும், பேச்சொலியை உடைத்துக் கையாள வேண்டிய பயிற்சிகளிலும் மிக மோசமாகச் செய்தார்.

ஆங்கிலம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். அது சொல்லை மிகச் சிறிய பேச்சொலிகளாக, அதாவது தனித்தனி ஒலியன்களாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தைப் பொருத்தச் சொல்கிறது. அசையளவில் நின்றுகொண்டால் அங்கே வேலை நடக்காது. உடைத்த பிறகாவது ஒழுங்காகப் பொருந்துகிறதா என்றால் அதுவும் இல்லை. 'கேவ்', 'சேவ்' இரண்டும் ஏ-வி-இ என்று முடிகின்றன. 'ஹேவ்' என்ற சொல்லும் அதே மூன்று எழுத்துகளில்தான் முடிகிறது, ஆனால் உயிரொலி வேறு. ஆக வாசகர் சொல்லை மிகச் சிறிய துண்டுகளாக உடைக்க வேண்டும், அந்தத் துண்டுகள் சொல்லுக்குச் சொல் மாறும் விதத்தையும் நினைவில் வைக்க வேண்டும். ஏ.எஸ்.ஸிடம் முதல் திறனே பலவீனமாக இருந்தது.

எளிய விளக்கங்களையும் பார்த்துவிடுவோம். ஆங்கில வாசிப்பில் பழக்கம் போதவில்லை என்று சொல்லலாம். பள்ளி ஜப்பானியப் பள்ளிதானே. ஆனால் பெற்றோர் இருவரும் நன்கு படித்தவர்கள், வீட்டு மொழி ஆங்கிலம், பேச்சு ஆங்கிலம் அவருக்குப் பிறவியிலிருந்தே உண்டு. இவற்றில் எதுவும் இல்லாத ஜப்பானிய மாணவர்கள் அவரைவிட நன்றாகச் செய்தார்கள் என்பதுடன் அந்த வாதம் அடங்கிவிடுகிறது. அறிவுத்திறன் குறைவு என்ற விளக்கத்துக்கு அவர் படித்த பள்ளியும் அவருடைய கான்ஜி வாசிப்பும் இடம் கொடுக்கவில்லை.

எனக்குச் சற்று வலுவாகப் படும் ஐயம் வேறு. சீரான எழுத்துமுறையில் பிழையின்றி வாசிப்பது எளிது, ஆகவே பிழைகளை மட்டும் எண்ணினால் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவார்கள். ஆஸ்திரியாவில் ஜெர்மன் வாசிக்கும் டிஸ்லெக்சியா குழந்தைகளை ஆராய்ந்த ஹைன்ஸ் விம்மர் 1990-களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார்: அவர்களிடம் பிழை குறைவு, ஆனால் வாசிப்பு மெதுவாக நகர்ந்தது. கானாவுக்கு இந்த எச்சரிக்கை முழுமையாகப் பொருந்தும். கான்ஜிக்குப் பொருந்தாது. அங்கே யாரும் எளிதில் முழு மதிப்பெண் வாங்கிவிட முடியாது. ஏ.எஸ். கான்ஜியிலும் பட்டதாரிகளுக்கு இணையாக நின்றதுதான் இந்த நிகழ்வைக் காப்பாற்றுகிறது.

இரண்டு அளவுகோல்கள்

வைடெலும் பட்டர்வொர்த்தும் முன்வைத்த விளக்கம் இரண்டு கேள்விகளால் ஆனது. ஓர் எழுத்துக்குறி ஒலியின் எவ்வளவு பெரிய துண்டைச் சுட்டுகிறது? குறிக்கும் ஒலிக்கும் உள்ள உறவு எவ்வளவு சீரானது? உறவு சீராக இருந்தால் துண்டு சிறிதாக இருந்தாலும் பெரிய சிக்கல் வராது, இத்தாலியம் அப்படி. துண்டு பெரிதாக, எழுத்து அல்லது சொல் அளவில் இருந்தால், உறவு சீரற்றிருந்தாலும் ஒலியைக் கையாளும் பலவீனம் வாசிப்பைத் தடுக்காது, கான்ஜி அப்படி. கானாவில் துண்டும் பெரிது, உறவும் சீரானது. துண்டு மிகச் சிறிதாகவும் உறவு சீரற்றும் இருக்கும் மூலையில் ஆங்கிலம் உட்கார்ந்திருக்கிறது. ஒலி சார்ந்த டிஸ்லெக்சியா அந்த மூலையில்தான் மிகுதியாக வெளிப்படும் என்பது இந்தக் கருதுகோளின் கணிப்பு.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2001-இல் 'சயின்ஸ்' இதழில் பவுலேசு குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணிப்பின் ஒரு பாதிக்கு நல்ல துணை. இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் பேசும் டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்டார்கள். இத்தாலியர்கள் மற்ற இருவரைவிட நன்றாக வாசித்தார்கள். ஆனால் ஒலியைக் கையாளும் பயிற்சிகளில் மூன்று நாட்டவரும் ஒரே அளவு பலவீனம், வாசிக்கும்போது மூளையின் இடப்பக்கத்தில் ஒரே பகுதியில் குறைந்த செயல்பாடு. குறை பொது, அது வெளியே தெரிவது மட்டும் எழுத்தைப் பொறுத்தது. வெவ்வேறு நாட்டவரிடம் அவர்கள் கண்டதை ஏ.எஸ். ஒரே உடலில் வைத்துக் காட்டினார்.

ஜப்பானிய மருத்துவர்களுக்கு, ஒரே வாசகரிடம் இரண்டு எழுத்துமுறைகள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வது புதிய செய்தி அல்ல. பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழந்த நோயாளிகளில் சிலருக்குக் கானா மட்டும் கைவிட்டுப் போகிறது, வேறு சிலருக்குக் கான்ஜி போய்க் கானா நிற்கிறது. சசனுமாவும் ஃபுஜிமுராவும் 1971-இல் இந்தப் பிளவைச் சோதனை வழியே பதிவு செய்தார்கள். 1984-இல் இவாதா மகோதோ, கான்ஜிக்கும் கானாவுக்கும் மூளையில் பாதைகள் ஓரளவு பிரிந்து போகின்றன என்று ஒரு வரைபடமே கொடுத்தார். ஆனால் அவர்கள் பார்த்தது கட்டி முடித்த வீடு இடிந்த பிறகான நிலையை. ஏ.எஸ். நிகழ்வு வீடு கட்டும்போதே என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசும் கட்டுரைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கருதுகோள் எங்கே தளர்கிறது

இந்த நிகழ்வுக்கு ஒரு முன்கதை உண்டு. 1968-இல் மகிதா என்ற ஜப்பானிய மனநல மருத்துவர், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் வினாத்தாள் கொடுத்து விசாரித்து, தம் நாட்டுக் குழந்தைகளில் 0.98 விழுக்காட்டினருக்கு மட்டுமே வாசிப்புக் குறை இருப்பதாக எழுதினார். மேலை நாடுகளில் சொல்லப்பட்ட அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான், காரணம் எழுத்துமுறையே என்பது அவர் முடிவு. ஜப்பானில் டிஸ்லெக்சியாவே இல்லை என்ற பேச்சு பல ஆண்டுகள் நின்றதற்கு அந்த எண் ஒரு காரணம். ஆனால் அவர் குழந்தைகளைச் சோதிக்கவில்லை. ஆசிரியர்கள் சொன்னதைக் கணக்கெடுத்தார். ஸ்டீவன்சனும் கூட்டாளிகளும் செண்டாய், தைபே, மினியாபொலிஸ் நகரங்களின் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளை நேரடியாகச் சோதித்து 1982-இல் வெளியிட்டபோது, மூன்று இடங்களிலும் வாசிப்பில் தடுமாறுவோர் இருந்தார்கள், ஜப்பான் விதிவிலக்காக நிற்கவில்லை.

இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவே வழிகாட்டியது ஊனோ அகிரா குழுவின் 2009 ஆய்வு. இரண்டாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை 495 குழந்தைகளை, எழுத்துவகை வாரியாகச் சோதித்தார்கள். வாசிப்பில் சிரமப்பட்டவர்கள் ஹிரகானாவில் 0.2 விழுக்காடு, கத்தகானாவில் 1.4, கான்ஜியில் 6.9. ஹிரகானாவுக்கான எண் மகிதாவின் எண்ணைவிடவும் சிறியது. கான்ஜிக்கான எண்ணோ அவருடையதைப் போல ஏழு மடங்கு. அந்த ஆய்வைச் செய்தவர்களில் வைடெலும் ஒருவர் என்பதைக் கவனிக்க வேண்டும். தம் கருதுகோளுக்குச் சங்கடம் தரும் எண்ணைத் தாமே சேர்ந்து வெளியிட்டிருக்கிறார்.

சங்கடம் என்று ஏன் சொல்கிறேன்? பெரிய துண்டுகளைச் சுட்டும் எழுத்தில் ஒலி சார்ந்த டிஸ்லெக்சியா மிகுதியாக இருக்காது என்று 1999 கட்டுரை கணித்தது. கான்ஜியில் நூற்றுக்கு ஏழு குழந்தைகள் திணறுகிறார்கள். கருதுகோளைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு: இவர்களின் குறை ஒலி சார்ந்தது அல்ல என்று சொல்லலாம். அதில் நியாயமும் இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட நுணுக்கமான வடிவங்களை நினைவில் நிறுத்தும் காட்சி நினைவு, ஒலியைத் தேர்ந்தெடுக்க உதவும் சொல்வளம் இரண்டும் கான்ஜிக்குத் தேவை. அவற்றில் பின்தங்கியவர் ஒலியில் வல்லவராக இருந்தாலும் தடுமாறுவார். சீன மொழியைப் படிக்கும் டிஸ்லெக்சியா குழந்தைகளின் மூளையில் ஆங்கில ஆய்வுகள் சொன்ன இடத்தைவிட இடது நடு முன்மடலில் வேறுபாடு தெரிந்தது என்று 2004-இல் சியோக், பெர்ஃபெட்டி, டான் முதலியோர் 'நேச்சர்' இதழில் எழுதியதும் இந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் இப்படி ஒட்டுப் போட்டால், கருதுகோள் எந்தக் குழந்தை தப்பிக்கும் என்று மட்டும் சொல்லும். எந்தக் குழந்தை மாட்டிக்கொள்ளும் என்று சொல்லாது. ஏ.எஸ்.ஸுக்குக் காட்சி நினைவும் சொல்வளமும் வாய்த்திருந்ததால்தான் கான்ஜி கைகொடுத்தது என்பதே என் முடிவு. 'கான்ஜி எல்லோருக்கும் பாதுகாப்பு' என்று அவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. டிஸ்லெக்சியா எங்கும் உடன்வரும் என்ற ஒரு பொது நம்பிக்கையை உடைக்க ஒரே ஆள் போதும். வேறொரு பொது விதியைக் கட்ட ஒரே ஆள் போதாது.

தமிழ் இந்த அளவுகோல்களில் எங்கே நிற்கும் என்ற கேள்வி இங்கே தானாகவே எழும். உயிர்மெய் ஓர் அசையளவான துண்டைச் சுட்டுகிறது, அதே நேரத்தில் உள்ளே இருக்கும் மெய்யையும் காட்டுகிறது. ஆகவே கானாவைவிடச் சிறிய துண்டு, இலத்தீன் எழுத்தைவிடப் பெரிய துண்டு. 'க' என்ற ஓர் எழுத்து இடத்தைப் பொறுத்துப் பல ஒலிகளைப் பெற்றாலும், இடம் தெரிந்தால் ஒலியும் பெரும்பாலும் தெரிந்துவிடும். தமிழைத் தடையின்றி வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தையைப் பார்த்து 'ஆங்கிலத்தில் அக்கறையில்லை' என்று சொல்லும் ஆசிரியர்கள், ஏ.எஸ். நிகழ்வை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம்.

பிறகு

வைடெல், கொந்தோ என்ற ஆய்வாளருடன் சேர்ந்து ஏ.எஸ்.ஸை மீண்டும் சோதித்து 2003-இல் எழுதினார். ஒலியைக் கையாளும் பலவீனம் வயதோடு போகவில்லை. ஆங்கிலச் சொல்லை ஒலியன்களாக உடைத்து வாசிக்காமல், எழுத்துருவை வைத்து ஏறத்தாழ ஒத்துப்போகும் சொல்லை ஊகிக்கும் வழியையே அவர் நம்பியிருந்தார். கான்ஜி வாசகருக்குக் கைவந்த வழி அது. கான்ஜியில் அவரைக் கரையேற்றிய அதே பழக்கம் ஆங்கிலத்தில் பாதி தூரம்தான் அழைத்துப் போனது.

இன்றைய ஜப்பானியப் பள்ளியில் இது ஒரு நடைமுறைப் பிரச்சினை. மூன்றாம் வகுப்பில் குழந்தைகள் ரோமாஜியைக் கற்கிறார்கள்: தம் மொழியையே இலத்தீன் எழுத்தில் எழுதுவது. 'க' என்ற ஒரே வடிவத்தைக் கே, ஏ என்ற இரண்டு எழுத்துகளாக உடைக்க வேண்டிய கட்டாயம் பள்ளிப் பாடத்தில் அங்கே வருகிறது. 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் மதிப்பீட்டுக்குரிய பாடமாகிவிட்டது. ஹிரகானாவைச் சரளமாக வாசிப்பதால் யார் கண்ணிலும் படாத குழந்தை, ரோமாஜி வகுப்பில் தொடர்ந்து எழுத்துகளை விட்டும் மாற்றியும் எழுதினால், அதைக் கவனக்குறைவு என்று திருத்தித் தள்ளாமல் ஒலிப் பயிற்சிகளால் சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற வயது அதுதான். ஏ.எஸ்.ஸின் குறையை ஆய்வாளர்கள் பெயரிட்டுச் சொன்னபோது அவர் மேல்நிலைப் பள்ளியில் இருந்தார்.